முயல் கதை எழுதி மலைகளைக் காப்பாற்றிய பெண்!

நீல கோட் போட்ட அந்தக் குறும்புக்கார முயல் பீட்டரை உங்க வீட்டுக் குட்டீஸுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். அந்த முயலைப் படைத்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர். கதைப் புத்தகத்தில் வந்த காசை வைத்து அவர் என்ன செய்தார் தெரியுமா? நிலம் வாங்கினார். வீடு கட்ட இல்லை. யாரும் அங்கே பங்களாக்கள் கட்டிவிடக் கூடாது என்பதற்காக!

1866-ல் லண்டனில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடமே போனதில்லை, வீட்டிலேயேதான் படிப்பு. முயல், எலி, முள்ளெலி, வௌவால் என வளர்த்து, அவற்றை உற்று உற்றுப் பார்த்து வரைந்தார். காளான் வித்துகள் எப்படி முளைக்கின்றன என்று அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1897-ல் லின்னேயன் சங்கத்தில் வைக்கப்பட்டது. ஆனா, பெண் என்பதால் அந்தக் கூட்டத்துக்கு அவரே போக முடியல!

முயல் கதையைப் பதிப்பகங்கள் ஒதுக்க, 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சடித்தார். அடுத்த வருஷமே ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் அதை வெளியிட, புத்தகம் சக்கைப்போடு போட்டது. அந்தப் பதிப்பகக் குடும்பத்தின் நார்மன் வார்னுடன் 1905-ல் திருமணம் நிச்சயமானது. ஒரே மாதத்தில் நார்மன் நோயில் இறந்துபோனார்.

அந்தத் துக்கத்தோடுதான், அதே வருஷம், இங்கிலாந்தின் வடமேற்கே இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். ஏரியும் மலையுமான அந்த ஊர்களில் பண்ணைகள் துண்டு துண்டாகப் பிரிந்து விலைபோகும் ஆபத்து இருந்தது. ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தார். நிலம் வாங்க உதவிய வக்கீல் வில்லியம் ஹீலிஸையே 1913-ல் மணந்தார்.

ஹெர்ட்விக் என்ற உள்ளூர் செம்மறிதான் அவருடைய அடுத்த காதல். வேலியே இல்லாத மலையில், தன் மந்தையின் மேய்ச்சல் எல்லையைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும். மந்தையை விற்றுவிட்டால் அந்த அறிவும் போச்சு! அதனால்தான் நிலத்தோடு ஆடுகளையும், மேய்ப்பர்களின் பிழைப்பையும் சேர்த்தே காப்பாற்ற நினைத்தார். சேறு அப்பிய காலோடு ஆட்டுக் கண்காட்சிகளில் நடுவராக நின்றார்.

1943 டிசம்பரில் அவர் இறந்தபோது, 4,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது. மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே தொடர வேண்டும் என்பது உயிலில் அவர் போட்ட கண்டிஷன்.

ஆடுகள் அதிகமாக மேய்வதால் மலைகளில் மரங்கள் துளிர்க்க முடிவதில்லை என்ற விமர்சனமும் இன்று உண்டு. எத்தனை ஆடு, எவ்வளவு காடு என்ற விவாதம் அங்கே ஓயவில்லை. ஆனா, அப்படி விவாதிக்க இவ்வளவு நிலம் துண்டாகாமல் மிஞ்சியிருக்கிறதே... அதில் அந்தக் குட்டி முயலுக்கும் பங்கு உண்டு!