மண்புழுவுக்குப் பியானோ வாசித்த வீடு

மேஜை மீது பூந்தொட்டிகள். தொட்டிகளில் ஈரமண். மண்ணுக்குள் புழுக்கள்!

மகன் பெரிய குழல் வாத்தியம் ஒன்றை எடுத்துப் பலமாக ஊதுகிறார். புழுக்கள் அசையவில்லை. விசில் ஊதிப் பார்க்கிறார்கள். அசையவில்லை. வீட்டு அம்மாள் பியானோ வாசிக்கிறார். அதற்கும் அசையவில்லை. வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

பிறகு தொட்டியைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்தார்கள். ஒரு கட்டையைத் தட்டியதுதான் தாமதம், புழு சரேலென்று வளைக்குள் ஓடி மறைந்தது!

புழுவுக்குக் காது கேட்காது; ஆனால் அதிர்ச்சி தெரியும். இதைக் கண்டு மகிழ்ந்த அந்தக் கிழவர்தான் சார்லஸ் டார்வின். உயிரினங்கள் படிப்படியாக மாறி வந்தன என்று சொல்லி உலகத்தையே அதிர வைத்தவர்.

அவர் எழுதிய பெரிய புத்தகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவர் வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

மாமன் மகள்

டார்வின் 1809-ல் பிறந்தார். 22 வயதில் "பீகிள்" என்ற கப்பலில் ஏறி, ஐந்து ஆண்டுகள் உலகத்தைச் சுற்றினார். 1836-ல் ஊர் திரும்பினார்.

அடுத்த கவலை கலியாணம்! 1838-ல் ஒரு காகிதத்தை எடுத்தார். ஒரு பக்கம் கலியாணத்தின் லாபம், மறுபக்கம் நஷ்டம். புத்தகம் வாங்கப் பணம் மிஞ்சாது, நேரம் போய்விடும் என்பதெல்லாம் நஷ்டக் கணக்கு. முதுமையில் துணை இருக்கும், எப்படியும் நாய் வளர்ப்பதைவிட மேல் என்பது லாபக் கணக்கு! கடைசியில் லாபமே வென்றது.

பெண்ணைத் தேடி அவர் வெகு தூரம் போகவில்லை. தாய்மாமன் மகள் எம்மாவையே 1839 ஜனவரியில் மணந்தார். நம் ஊர் வழக்கம்தான்! எம்மா அவரைவிட ஒன்பது மாதம் மூத்தவர்.

1842-ல் லண்டனை விட்டு, கெண்ட் பகுதியில் டவுன் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் அந்த வீடுதான் அவருக்கு உலகம்.

காரணம், நோய். வாந்தி, தலைசுற்றல், களைப்பு. ஒரு நாளில் சில மணி நேரம்தான் அவரால் உழைக்க முடிந்தது. தந்தை வசதியான வைத்தியர். ஆகவே சம்பளத்துக்கு உழைக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த யோகம் எல்லோருக்கும் வாய்க்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பணம் இருந்தும் வீட்டு இன்பம் அறியாதவர்கள் எத்தனை பேர்!

கல்லை உதைத்துக் கணக்கு

தோட்டத்தின் கோடியில் மணலும் சரளையும் போட்டு ஒரு நடைபாதை அமைத்தார். தினமும் அதில் சுற்றி வருவார். எத்தனை சுற்று என்று மறந்துவிடாமல் இருக்க, கற்களைக் குவித்து வைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார்.

பிள்ளைகள் அவர் அறைக்குள் தாராளமாக நுழைவார்கள். கத்தரிக்கோல் வேண்டும், கயிறு வேண்டும், பசை வேண்டும்! நாலு வயதுப் பையன் ஒருவன், வேலை நேரத்தில் விளையாட வந்தால் ஆறு பென்னி தருவதாக அப்பாவுக்கு லஞ்சம் காட்டினான். புகழ்பெற்ற புத்தகத்தின் கையெழுத்துத் தாள்களின் பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரைந்து தள்ளினார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டுகள் பறந்து போகும் வழியைக் கண்டறிய, புதருக்கு ஒரு பிள்ளையாகக் காவல் நிறுத்தி அவர்களையே உதவியாளர்கள் ஆக்கிக்கொண்டார்!

மாலையில் எம்மா நாவல் படிப்பார். இவர் சோபாவில் படுத்துக்கொண்டு கேட்பார். கதை சோகமாக முடிந்தால் இவருக்குப் பிடிக்காது.

இரவில் தாயக்கட்டை உருட்டி ஆடும் பேக்காமன் ஆட்டம். கணவனும் மனைவியும் இரண்டு ஆட்டம் ஆடுவார்கள். யாருக்கு எத்தனை வெற்றி என்று கணக்கு உண்டு. 1876-ல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பெருமையோடு தெரிவித்தார். எம்மா 2,490 ஆட்டம். தாம் 2,795 ஆட்டம்!

அன்னியின் பெட்டி

அந்த வீட்டில் அழுகையும் இருந்தது. பத்துப் பிள்ளைகளில் மூன்று சிறு வயதிலேயே போய்விட்டன.

அவர்களில் அன்னி அப்பாவின் செல்லம். அவர் தலைமயிரை வாரி வாரி அழகு பார்ப்பாள். மூக்குப்பொடியைக் குறைக்க வேண்டும் என்று பொடி ஜாடியை அவர் கைக்கு எட்டாமல் கூடத்தில் வைத்திருந்தார். அன்னியோ ஒரு சிட்டிகை திருடிக்கொண்டு ஓடி வந்து அப்பாவிடம் கொடுப்பாள்!

1851 ஏப்ரலில், பத்து வயதில், அன்னி இறந்தாள். டார்வின் பக்கத்திலேயே இருந்தார். எம்மா நிறைகர்ப்பிணி, வர முடியவில்லை. ஒரு வாரம் கழித்து டார்வின் உட்கார்ந்து, மகளின் சிரிப்பையும் நடையையும் குறும்பையும் ஒன்று விடாமல் எழுதி வைத்தார். எம்மா அவளுடைய எழுதுபெட்டியைக் கடைசிவரை காத்து வைத்திருந்தார்.

இன்னொரு துயரமும் உண்டு. எம்மாவுக்குக் கடவுள் பக்தி அதிகம். கணவருக்கு நம்பிக்கை தளர்ந்துவிட்டது. இறந்தபின் பிரிந்துவிடுவோமோ என்று எம்மா பயந்தார். அதைக் கடிதமாக எழுதிக் கணவரிடம் கொடுத்தார். டார்வின் வாதாடவில்லை. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பலமுறை முத்தமிட்டு அழுததாக அதன் அடியிலேயே குறித்து வைத்தார்.

கையைவிட்டுப் போன ஓர் இன்பத்துக்காகவும் அவர் வருந்தினார். கப்பலில் போனபோது மில்டனின் கவிதை இல்லாமல் கரையில் இறங்கமாட்டார். முதுமையில் கவிதை கசந்தது. மறுபிறவி கிடைத்தால் வாரம் ஒரு முறையாவது கவிதை படிப்பேன், சங்கீதம் கேட்பேன் என்று தம் வரலாற்றில் எழுதினார்.

மண்புழுப் புத்தகம் 1881 அக்டோபரில் வெளிவந்து அமோகமாக விற்றது. மறு வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி, 73-வது வயதில் டார்வின் காலமானார். எம்மா கவனித்துக்கொள்வதானால் நோயாளியாகக் கிடப்பதும் தகும் என்று கடைசி நாட்களில் அவரிடமே சொல்லியிருந்தார்.

டவுன் கிராமத்திலேயே அடக்கம் செய்யத்தான் வீட்டார் நினைத்தார்கள். நாடு விடவில்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரிய மரியாதையுடன் அடக்கம் நடந்தது. எம்மா போகவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார்.

டார்வினின் செல்ல நாய் பாலியும் சில நாட்களில் செத்தது. அதை மட்டும் வீட்டுத் தோட்டத்திலேயே, ஓர் ஆப்பிள் மரத்தடியில் புதைத்தார்கள்.