நடுவரை தொட்டியில் தள்ளிய கால்பந்து வீரர்!
ஹியூகி கேலகர் ஸ்காட்லாந்துக்காரர். ஆள் குள்ளம், 5 அடி 5 அங்குலம்தான். 1926–27-ல் 36 கோல் போட்டு, இங்கிலாந்தின் நியூகாசில் அணிக்கு லீக் பட்டம் வாங்கித் தந்த கேப்டன். கோபம் மட்டும் மூக்குக்கு மேல்!

1927 டிசம்பரில் ஹட்டர்ஸ்பீல்டு அணியுடன் ஆட்டம். பெனால்டி கேட்டார். நடுவர் பாக் தரவில்லை. வாக்குவாதம் முற்றியது. ஆட்டம் முடிந்ததும் மன்னிப்பு கேட்கத்தான் நடுவர் அறைக்குப் போனார். நடுவரோ குளியல் தொட்டியோரம் குனிந்து நின்றார். விட்டாரா மனுஷன்? ஒரே தள்ளு! 2 மாதம் ஆடத் தடை.

தடை முடிந்த கையோடு நாட்டு அணியில் இடம். பலர் முணுமுணுத்தார்கள். 1928 மார்ச் 31-ல் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 5–1 என நொறுக்கியது. கேலகர் அன்று கோல் போடவில்லை.

1930-ல் செல்சி அணி 10 ஆயிரம் பவுனுக்கு வாங்கியது. விவாகரத்து வழக்கு அவரைக் கடனாளியாக்கியது. 1957 ஜூன் 11-ந்தேதி, குடும்ப வழக்கில் மறுநாள் கோர்ட்டுக்குப் போக வேண்டியவர், கேட்ஸ்ஹெட் அருகே ரெயிலில் அடிபட்டு இறந்தார். வயது 54.