நாவரசர் கண்ட திருக்கயிலை

இமயத்துக்கு அப்பால், திபெத்து நாட்டில், 6,638 மீட்டர் உயர்ந்து நிற்பது திருக்கயிலாய மலை. அதன் முடியில் ஏறியவராக இன்றுகாறும் எவரும் அறியப்பட்டிலர். அன்பர்கள் ஏறக்குறைய 52 கிலோமீட்டர் வலம்வந்து வணங்குவதோடு அமைகின்றனர். அங்கே பெருமானைக் காண விழைந்து, ஏழாம் நூற்றாண்டில், வழியில்லாக் கானகத்தூடே தனியே புறப்பட்டவர் திருநாவுக்கரசு நாயனார். அவ்வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் கூறியவாறே ஈண்டுச் சுருங்கச் சொல்லுவாம்.

திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாராய்த் தோன்றிய இவர்க்கு மருணீக்கியார் என்பது பிள்ளைத் திருநாமம். சமணஞ் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றார். சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகையில் மீண்டும் சிவநெறி தலைப்பட்டார். அன்றுமுதல் திருப்பதிகம் பாடுதலும் உழவாரத் தொண்டும் அவர்க்கு வாழ்வாயின.

முதுமையில் ஒருநாள், திருக்காளத்தியை வணங்கி நின்றபொழுது, வடகயிலைக் கோலத்தைக் காணும் வேட்கை மிக்கெழுந்தது. திருப்பருப்பதந் தொழுது, தெலுங்கு, கன்னடம், மாளவம் முதலிய நாடுகளைக் கடந்து காசியை அடைந்தார். உடன்வந்தோரை அங்கே நிறுத்தித் தாமே மேற்சென்றார். அப்பால் மனிதர் செல்லும் நெறியில்லை. வானளாவிய காடே எங்கும். காயும் கிழங்கும் உண்பதையும் விடுத்து, இரவும் பகலும் நடந்தார். பாதங்கள் பரடளவும் தேய்ந்தன. கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகள் மணிக்கட்டளவும் சிதைந்தன, மார்பினால் ஊர்ந்தார். மார்பின் எலும்பும் முரிந்தபின் புரண்டு சென்றார். புரளவும் வலியற்றபொழுது உடம்பு கிடந்தது. உள்ளம் மட்டும் கயிலையை நோக்கியிருந்தது.

அப்பொழுது இறைவர் ஆங்கொரு தடாகத்தை உண்டாக்கி, முனிவர் கோலத்தில் எதிர்வந்து, கயிலை மானிடர் அடைதற்கரியது, மீண்டு செல்வதே தக்கது என்றார். வலியிழந்த முதியவர்க்கு எவருங் கூறத்தக்க அறிவுரையே அது. நாவரசரோ, நாயகன் வீற்றிருக்குங் கோலங் காணாமல், அழியும் இவ்வுடலைக் கொண்டு மீளேன் என மறுத்தார். முனிவர் மறைந்தார், எழுந்திருக்குமாறு வானில் அருள்மொழி கேட்டது, உறுப்புக்கள் யாவும் முன்போல் நிறைந்தன. அத்தடாகத்தில் மூழ்கி, விரும்பிய காட்சியைத் திருவையாற்றிற் காணுமாறு திருவருள் பணித்தது. முனிவர் சொல்லும் அருள்மொழியும் அவரைத் தென்றிசைக்கே செலுத்தின. துன்பத்துக்கு அஞ்சி மீளாதவர், இறைவர் ஆணைக்கு மறுசொல் இன்றி உடன்பட்டார். இதுவே அடிமைத் திறம்.

ஐந்தெழுத்தை ஓதி மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். எதிர்ப்பட்ட உயிர்களெல்லாம் துணையோடு பொலிந்து, சத்தியுஞ் சிவமுமாய்த் தோன்றின. திருக்கோயிலே கயிலையாய் விளங்கிற்று. ஆடி அமாவாசைதோறும் அங்கே இக்காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகின்றது.

கயிலை கண்டபின்னும் நாயனார் உழவாரத்தைக் கைவிட்டிலர். திருப்புகலூரிலும் அப்பணியே செய்திருந்து, சித்திரைச் சதயத்தில் இறைவன் திருவடி சேர்ந்தார். மலைமுடியிற் காண விழைந்ததை ஊர்க்கோயிலிற் கண்டவர் அவர். நம்மூர்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவோரும் அத்திருக்கயிலை நெறியிலேயே செல்கின்றனர் என்றுணர்ந்து, இயன்ற தொண்டு செய்து உய்வோமாக.

திருச்சிற்றம்பலம்.