கணிதமேதை இலகிராஞ்சு

பிரயோக கணிதம் பயிலும் நம் மாணவர் பலர் இலகிராஞ்சு என்பதைச் சமன்பாடொன்றின் பெயராக மாத்திரமே அறிவர். அப்பெயருக்குரிய பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

யோசேப்பு லூயி இலகிராஞ்சு 1736ஆம் ஆண்டு சனவரி 25ஆந் திகதி தூரின் நகரிற் பிறந்தார். தந்தையார் செல்வராயிருந்தும் ஊக வணிகத்திற் பொருளை இழந்தார். செல்வம் நிலைத்திருப்பின் தாம் கணிதத்தை நாடியிருக்கமாட்டார் என மகனார் பிற்காலத்திற் கூறுவதுண்டு. 1755இல், பத்தொன்பதாம் வயதிலேயே, தூரின் பீரங்கிப்படைப் பாடசாலையில் ஆசிரியரானார். அவ்வாண்டே தாம் கண்ட புதிய கணித முறையொன்றைப் பேர்லினிலிருந்த பேரறிஞர் ஒயிலருக்கு எழுதி, அவருடைய பாராட்டைப் பெற்றார். 1766இல் ஒயிலர் பேர்லினை விட்டு நீங்கவே, பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் அப்பதவிக்கு இவரை அழைத்தார். அங்கு இருபதாண்டுகள் உழைத்தார். மன்னர் 1786இல் மறைந்தபின், 1787இற் பாரிஸ் சென்றார்.

மறு ஆண்டு அவருடைய இயக்கவியற் பெருநூல் வெளிவந்தது. அதிற் படம் ஒன்றேனும் இல்லை. அந்நூல் காட்டும் வழியை ஓர் எளிய உதாரணத்தால் விளக்குவோம். ஒப்பமான இலேசான கப்பியின் மேலாகச் செல்லும் இழையின் இரு முனைகளிலும் 3 கிலோகிராம், 2 கிலோகிராம் திணிவுள்ள துணிக்கைகள் தொங்குகின்றன. வழக்கமான முறையில் இழையின் இழுவையை இரு சமன்பாடுகளில் எழுதிப் பின்னர் நீக்கவேண்டும். இலகிராஞ்சு வழியில் இழுவை என்ற பேச்சே எழுவதில்லை. ஒன்று இறங்கும் தூரமே மற்றது ஏறும் தூரமாதலின் ஒரு தூரம் போதும். இயக்கசக்தி, 5இன் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்க வருவது. அழுத்தசக்தியின் குறைவோ 1 கிலோகிராமின் நிறைக்கேற்பவே அமையும். இயக்கசக்தியிலிருந்து அழுத்தசக்தியைக் கழித்து அவர் சமன்பாட்டில் இட்டால், ஆர்முடுகல் ஈர்வை ஆர்முடுகலின் ஐந்திலொன்று என ஒரே படியிற் கிடைக்கும். ஊசலுக்கும் கோள்களுக்கும் இதுவே வழி.

இத்தகைய நூலை ஆக்கியவரின் உள்ளமோ அப்போது சோர்ந்திருந்தது. 1783இல் மனைவியாரை இழந்திருந்தார். அச்சாகி வந்த நூல் ஈராண்டுகள் திறக்கப்படாமலே மேசையிற் கிடந்தது என்பர். 1789இற் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. 1793இற் பிறநாட்டாரைச் சிறைப்படுத்த ஆணை பிறந்தபொழுது, இரசாயன அறிஞர் இலவோசியர் பரிந்து பேச, இவர் தப்பினார். மறு ஆண்டு மே 8ஆந் திகதி அந்த இலவோசியரே சிரச்சேதம் செய்யப்பட்டார். தம்மைக் காத்தவரைக் காக்க இலகிராஞ்சால் இயலவில்லை.

ஆயினும் அவர் ஒதுங்கிவிடவில்லை. மீற்றர் அளவைமுறையை வகுத்த குழுவிற் பணியாற்றினார். 1794இல் நிறுவப்பெற்ற பல்தொழில்நுட்பக் கல்லூரியில் இளைஞருக்குக் கற்பித்தார். அவ்விரிவுரைகளிலிருந்தே 1797இல் மற்றொரு நூல் பிறந்தது. 1813ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆந் திகதி பாரிசிற் காலமானார்.

தம் நூலையே திறக்க மனமின்றி இருந்தவர், பிறருக்குக் கற்பிக்க முன்வந்தபோது மீண்டும் எழுதலானார். அவருடைய சமன்பாட்டைக் கற்கும் நம் இளைஞர் இதனையும் உடன் கற்பாராக.