ஊர் பேர் கேட்டா உயிர் காப்பது?

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பார்கள் நம் பாட்டிமார். உற்றாரும் சுற்றமும் சூழ்ந்திருக்கும்போதே மறுபிறப்பு என்றால், கடல் கடந்து பிழைக்க வந்த இடத்திலே, மொழி தெரியாத நகரத்திலே, கையில் காசின்றிப் பெற்றெடுக்கும் பெண்ணின் கதி என்ன? அந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் லில்லியன் வால்ட் அம்மையார்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், வசதியான யூதக் குடும்பத்தில், 1867இல் பிறந்தார். பட்டுடுத்திப் பகட்டாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தாதித் தொழிலை விரும்பினார்! 1891இல் நியூயார்க்கில் பயிற்சி முடித்தார். பிறகு மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தார்.

அந்நகரின் லோயர் ஈஸ்ட் சைடு, ருஷ்யப் பேரரசின் கொடுமைக்குத் தப்பிய யூதர்களும், வறுமை துரத்திய இத்தாலியரும் வந்து குவிந்த இடம். காற்று நுழையாத அறைகள். கதிரொளி எட்டாத மாடிகள். அங்கே குடியேறிய பெண்களுக்கு வீட்டு வைத்தியப் பணிவிடையைக் கற்பித்து வந்தார் அம்மையார். 1893 மார்ச் மாதம், மழைநாள் ஒன்றில், சிறுமி ஒருத்தி வந்து தன் தாயைப் பார்க்க அழைத்தாள். சென்றார். இரண்டே அறைகள், குடும்பத்தினர் எழுவர், போதாக்குறைக்கு வாடகைக்கு ஒண்டியவர்கள். பிள்ளை பெற்ற தாயோ, இரண்டு நாளாக மாற்றப்படாத குருதி தோய்ந்த படுக்கையில்!

கழுவினார், துடைத்தார், படுக்கையை மாற்றினார். கல்லூரிக்கு மட்டும் அவர் திரும்பவில்லை. நகரத்திலே மருத்துவம் இருந்தது. மாடிப்படி ஏறித்தான் வரவில்லை! அதுவே பெரும்பிணி என்று கண்டுகொண்டார்.

தோழி மேரி புரூஸ்டருடன் அந்த ஏழைகள் நடுவிலேயே குடியேறினார். செல்வர் ஜேக்கப் ஷிஃப் உதவியால் 1895இல் ஹென்றித் தெருவில் ஓர் இல்லம் கிடைத்தது. முடிந்தவர் சிறு கட்டணம் தந்தனர். முடியாதவர்க்கும் பணிவிடை குறையவில்லை. எந்த நாடு, எந்த மதம் என்ற விசாரணை அங்கே இல்லை. நிறவெறி தலைவிரித்தாடிய நாளிலே, 1906இல், கறுப்பினத் தாதி எலிசபெத் டைலரைப் பணியில் அமர்த்தினார். 1913இல் தாதியர் 92 பேர். அவர்கள் வீடு தேடிச் சென்றது ஆண்டுக்கு 2,00,000 முறை!

அரசையும் அவர் விட்டாரில்லை. அவரும் ஃபுளோரன்ஸ் கெல்லியும் எழுப்பிய குரலால் 1912இல் குழந்தைகள் நலத்துறை பிறந்தது. 1921இல் தாய் சேய் நலத்துக்கு மத்திய அரசின் நிதி வந்தது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. 1929இல் அந்த நிதி நின்றது. 1940இல் அம்மையார் மறைந்தார்.

மறைந்தவர் கதை இப்போது எதற்கு? காரணம் உண்டு. 1921, 1924ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஐரோப்பாவிலிருந்து வருவோர்க்கும் அளவு விதித்தன. உரிய தாளில்லாமல் வாழ்வோர் என்றொரு கூட்டம் பெருகியது. அரசின் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனை, பேறுகால வலியோடு அவசரப் பிரிவுக்கு வரும் எந்தப் பெண்ணையும் கைவிடலாகாது என்கிறது 1986ஆம் ஆண்டுச் சட்டம். நல்லதுதான். ஆனால் அதற்கு முந்தைய மாதங்கள்? சில மாநிலங்கள் அப்போதும் கைகொடுக்கின்றன, பிற கைவிரிக்கின்றன. கதவு திறந்திருந்தாலும், பிடித்து நாடு கடத்திவிடுவார்களோ என்ற அச்சம் அவளைத் தடுக்கிறது.

அன்னியருக்கு ஏன் நம் பணம் என்று கேட்போர் உண்டு. இரத்த அழுத்தத்தை முன்னதாக அளந்தால் செலவு சொற்பம். வலிப்பு கண்டு வீழ்ந்த பிறகு காப்பாற்றச் செலவு எவ்வளவு! வெள்ளம் வருமுன்னே அணை போடுவதுதானே அறிவு?

படியேறி வந்த அம்மையார் அந்தத் தாயிடம் தாள் கேட்கவில்லை. தண்ணீரும் துணியும் கேட்டார். ஆட்சி பீடத்தில் இருப்போர்க்கு அந்தப் படிக்கட்டு கண்ணில் படுமா?