தண்ணீரை எடை போட்டு நேரம் அளந்தவர்

சராசரி வேகம், தூரம், முடுக்கம் - இந்த மூன்றையும் தாண்டாமல் யாரும் முதலாம் ஆண்டு இயற்பியலைக் கடந்திருக்க முடியாது. ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி, எண்களைப் போட்டு, மார்க் வாங்கிவிடுகிறோம். அதற்காக ஒரு மனிதர் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியது நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

கலிலியோ கலிலி 1564 பிப்ரவரி 15 அன்று இத்தாலியின் பைசா நகரில் பிறந்தார். அப்பா வின்சென்சோ ஓர் இசைக்கலைஞர். மகன் டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. 1581-ல் மருத்துவம் படிக்கச் சேர்ந்த பையனுக்கோ மனசெல்லாம் கணக்கில்தான். 1585-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். ஆனால் 1589-ல் அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார்! 1592 முதல் 1610 வரை பாதுவாவில் பணி.

விழும் பொருளின் வேகம் எப்படிக் கூடுகிறது என்பதே அவரைக் குடைந்த கேள்வி. நேராகப் போட்டால் கண் இமைப்பதற்குள் தரையைத் தொட்டுவிடும். எனவே சாய்த்து வைத்த கட்டையில் காடி வெட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். ஸ்டாப்வாட்ச் ஏது அப்போது? குண்டு உருளும் நேரம் மட்டும் மெல்லிய குழாய் வழியே தண்ணீரை விழவிட்டு, அதைத் தராசில் எடை போட்டார். தண்ணீர் இரண்டு மடங்கு என்றால் நேரமும் இரண்டு மடங்கு. அவ்வளவுதான்!

நேரம் 2 மடங்கானால் தூரம் 4 மடங்கு. 3 மடங்கானால் 9 மடங்கு. 1604-லேயே இந்த விதி அவர் கையில் இருந்தது. ஆனால் கடந்த தூரத்துக்கு ஏற்ப வேகம் கூடுகிறது என்றுதான் அப்போது நம்பினார். நேரத்துக்கு ஏற்பவே கூடுகிறது என்று பிறகு தெளிந்து, பழைய கருத்தைக் கைவிட்டார்.

ஒரு கணத்து வேகத்தை அளக்க அவரிடம் கருவி இல்லை. ஓய்விலிருந்து சீராக முடுகும் பொருளின் சராசரி வேகம், இறுதி வேகத்தில் சரிபாதி. 14-ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் சொன்ன இந்த விதி அவருக்குக் கைகொடுத்தது. ஒரு பஸ் புறப்பட்டு 5 விநாடியில் விநாடிக்கு 10 மீட்டர் வேகம் எடுத்தால், சராசரி 5, தூரம் 25 மீட்டர், முடுக்கம் 2. வேகத்தைத் தொடாமலே, தூரத்தையும் நேரத்தையும் வைத்து முடுக்கத்தைப் பிடித்துவிடலாம்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்துக்காக 1633-ல் ரோமில் விசாரணை; வீட்டுக்காவல். வயது 69. வேறு யாராக இருந்தாலும் ஓய்ந்திருப்பார்கள். அவரோ ஃப்ளாரன்ஸ் அருகே ஆர்செட்ரியில் அடைபட்டபடியே, பாதுவாக் காலத்து உருளும் குண்டுக் கணக்குகளை மீண்டும் கையில் எடுத்தார். அந்த நூல் 1638-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சானது. அச்சில் வந்தபோது அதைப் பார்க்க அவருக்குக் கண்பார்வை இல்லை. 1642 ஜனவரி 8-ல் காலமானார்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சரிபாதிக் கணக்கு முடுக்கம் சீராக இருந்தால் மட்டுமே செல்லும். டிராஃபிக்கில் நின்று நின்று போகும் பஸ்ஸுக்கு அதைப் போட்டால் விடை தப்பு. ஃபார்முலாவை எழுதுமுன் அது இங்கே பொருந்துமா என்று பாருங்கள். லேப் ரீடிங் உங்கள் எண்ணத்தோடு ஒத்துப்போகவில்லையா? ரீடிங்கைத் திருத்தாதீர்கள், எண்ணத்தைத் திருத்துங்கள். கலிலியோ செய்ததும் அதைத்தான்.