ஒரே நேரத்தில் நூறு வேலை!

1907-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி. சென்னை விக்டோரியா மண்டபம். மேடையில் 32 வயது வாலிபர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் செய்குத்தம்பி பாவலர்.

அவர் செய்து காட்டியது அவதானம். ஒருவர் வெண்பா பாடச் சொல்வார். அது முடியுமுன் இன்னொருவர் கணக்குப் போடுவார். வேறொருவர் தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். நடுவில் மணி அடிக்கும். முதுகில் கல் விழும். மணி எத்தனை, கல் எத்தனை என்று கடைசியில் சொல்ல வேண்டும். தாளும் இல்லை, பென்சிலும் இல்லை!

எட்டு செய்தால் அட்டாவதானி. நூறு செய்தால் சதாவதானி. பாவலர் அன்று சதாவதானி ஆனார்.

ஆர்.கே.பேட்டையைத் தாண்டினால் வரும் ஆந்திராவில், தெலுங்கில் இன்றும் அவதானம் நடக்கிறது. 2005-ல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி, கையடக்க விளையாட்டுப் பொறியில் மூளைப் பயிற்சியை விற்றது. கணக்கு உண்டு, ஞாபகப் பயிற்சி உண்டு. முதுகில் கல் மட்டும் விழாது!

பாவலர் 1874-ல் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். அது அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தனியே ஓர் ஆசிரியரிடம் கற்றார். பிறகு சென்னை அச்சகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலை.

ஒரு சபையில் அவரை மடக்க நினைத்தார் ஒருவர். துருக்கனுக்கு ராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்தாராம். துருக்கன் என்றால் அந்நாளில் முஸ்லிம். பாவலர் அசரவில்லை. முந்திய அடியில் ராமனின் தம்பிமாரை அடுக்கி, 'சத்' என்று நிறுத்தினார். ஈற்றடியோடு சேர்ந்ததும் துருக்கன் சத்துருக்கன் ஆகிவிட்டான்!

ராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் அருட்பா அல்ல என்று சிலர் வாதாடியபோது, அருட்பாவே என்று மேடையேறிப் பேசியவரும் இவரே.

1950-ல் காலமானார். 2008-ல் அவர் நினைவாகத் தபால்தலை வெளிவந்தது.